சுப்பர் லீக்கைப் பெருப்பித்தால் வடக்குக்கு ஒரு கழகம்: எந்த ஊருக்கு?

பண்ணைக்கரை:

இலங்கையின் உதைபந்து சுப்பர் லீக்கில் இன்னும் கழகங்களைச் சேர்த்துப் பெருப்பிக்கும் கதை கொழும்பில் எழும்பும்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் ஒரே பல்லவிதான்: யாழ்ப்பாணத்துக்கு ஒரு ரீம் தா. தர வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. 2021-இல் சுப்பர் லீக் என்று தொழில்முறையாக ஆரம்பித்தபோது பத்துக் கழகங்கள். களுத்துறைக்கு புளூ ஸ்டார், பேருவளைக்கு ரெட் ஸ்டார்ஸ், வென்னப்புவவுக்கு நியூ யங்ஸ், நாவலப்பிட்டிக்கு அப்கன்ட்ரி லயன்ஸ், கொழும்புக்குள் மட்டும் கொழும்பு எப்.சி., ரினோன், ரட்ணம் என்று மூன்று. மிச்சம் மூன்றும் படைகளுடையவை. டிபென்டர்ஸ் இராணுவம், புளூ ஈகிள்ஸ் விமானப்படை, சீ ஹோக்ஸ் கடற்படை. வவுனியாவுக்கு வடக்கே ஒரு கழகமும் இல்லை, கிழக்கிலும் இல்லை. உதைபந்து என்றால் உயிரை விடும் இடங்களை அப்படியே விட்டுவிட்டு ஒரு தேசிய லீக்.

ஆனால் "யாழ்ப்பாணம்" என்று பேரை மட்டும் சொல்லிவிட்டால் போதுமா என்பதுதான் என் கேள்வி. எந்த ஊர் என்று பார்க்க முதல் எந்தக் கிறவுண்ட் என்று பார்க்க வேண்டும். எங்களிடம் இருப்பது துரையப்பா அரங்கு. இந்தியா ஏழு கோடி இந்திய ரூபாயில் திருத்திக் கொடுத்து 2016 ஜூன் 18-இல் திறந்தார்கள், இருக்கை 1,850. கோட்டைக்கும் நூலகத்துக்கும் பக்கத்தில், பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகலாம், இடம் என்றால் அதைவிட நல்ல இடம் இலங்கையிலேயே குறைவு. பிரச்சினை என்னவென்றால் அது மாநகரசபையின் பொது அரங்கு. பள்ளிக்கூட மெய்வல்லுநர் போட்டியும் அங்கேதான், மாகாண விளையாட்டு விழாவும் அங்கேதான், விழா மேடையும் சில நேரம் அங்கேதான் போடுவார்கள். இரண்டு கிழமைக்கு ஒரு சொந்த மைதான ஆட்டம், அதுவும் மாதக்கணக்கில், திகதியை முன்கூட்டியே அறிவித்து நடத்த யார் உத்தரவாதம் தருவார்கள்? அதை எழுத்தில் தருகிற ஊருக்கு லீக்கைக் கொடுங்கள் என்பது என் கட்சி. அது யாழ்ப்பாணமாக இருந்தால் சந்தோசம். இல்லையென்றால் மன்னாருக்குப் போகட்டும்.

கிரிக்கெட்டில் பார்த்தோம்தானே. லங்கா பிரீமியர் லீக் 2020-இல் தொடங்கியது, யாழ்ப்பாணத்தின் பேரில் ஒரு ரீம், முதலில் ஸ்டாலியன்ஸ், பிறகு கிங்ஸ். 2020, 2021, 2022, 2024 என்று நாலு கிண்ணம். யாழ்ப்பாணத்தில் ஆடிய ஆட்டம் எத்தனை? பூச்சியம். அம்பாந்தோட்டையிலும் தம்புள்ளையிலும் எங்கள் பேரில் ஆரவாரம். உதைபந்திலும் அப்படி ஒரு ரீம் வருவதென்றால் எனக்கு வேண்டாம்.

குருநகர்ச் சிங்கம்:

அண்ணை, மன்னாருக்குப் போகட்டும் என்று நீங்கள் சொன்ன அந்த ஒரு வரியை அழித்துவிடுங்கள், மிச்சம் எல்லாம் சரி.

சும்மா பகிடி. ஆனால் கிறவுண்டை வைத்து மட்டும் கதைக்கக் கூடாது. சனம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குருநகரில் ஒரு கிண்ணத்தின் இறுதி ஆட்டம் பார்த்திருக்கிறீர்களா? மூன்று மணிக்கே மதிலில் இடம் பிடித்துவிடுவார்கள். கோட்டுக்கு வெளியே கயிறு கட்டியிருப்பார்கள், முதல் கோல் விழுந்தவுடன் அந்தக் கயிறு எங்கே போகிறது என்றே தெரியாது. சுண்ணாம்புக் கோட்டை மிதித்து மிதித்து இடைவேளைக்குள் அழித்துவிடுவார்கள், ஒருத்தர் தகரப் பேணியோடு ஓடி ஓடித் திரும்பப் போடுவார். ஒலிவாங்கிக்காரர் ஆட்டத்தையும் சொல்லி, அதற்குள் ஆர் ஆர் அன்பளிப்புத் தந்தது என்றும் வாசித்து, வாகனம் குறுக்கே நிற்கிறது எடுங்கோ என்றும் கத்துவார். கோல்காரன் ஒரு பந்தைத் தட்டி வெளியே விட்டால் பின்னால் நிற்கும் கிழவர் அவனுடைய தகப்பன் பேரைச் சொல்லிப் பாராட்டுவார், விட்டுவிட்டால் அதே தகப்பன் பேரைச் சொல்லி ஏசுவார். இந்தச் சனத்தை வைத்துக்கொண்டு ஊர் தேடுகிறீர்களே.

எங்கள் குருநகர்ப் பாடும்மீன் இருக்கிறது, ஊரெழு றோயல் இருக்கிறது, மயிலங்காடு ஞானமுருகன் இருக்கிறது, இளவாலை யங்ஹென்றீசியன் இருக்கிறது. இத்தனை கழகம் உள்ள மாவட்டம் வேறெது?

நாவாந்துறையான்:

எங்கள் நாவாந்துறை சென். மேரிஸை விட்டுவிட்டீர்கள் சிங்கம். தற்செயலாகத்தான் மறந்திருப்பீர்கள், நம்புகிறேன்.

இதுதான் பிரச்சினையே. நீங்கள் சொன்ன சனம் யாருக்காக வருகிறது? குருநகருக்காக வருகிறது. நாங்கள் நாவாந்துறைக்காக வருகிறோம். இரண்டு ஊருக்கும் ஆட்டம் என்றால் கடைசி பஸ்ஸைப் பற்றியும் கவலைப்படாமல் வருவார்கள். நாளைக்கு "யாழ்ப்பாணம் எப்.சி." என்று ஒன்று வந்து அதில் உங்கள் ஆள் நாலு பேர், எங்கள் ஆள் மூன்று பேர், ஊரெழுவில் இரண்டு பேர், வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர் என்று இறங்கி, எதிரே பேருவளை ரீம். புதன்கிழமை பின்னேரம். நீங்கள் போவீர்களா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். உங்கள் ஆளை வெளியே இருத்தி எங்கள் ஆளை ஆட விட்டால் அடுத்த கிழமை குருநகரிலிருந்து ஒரு ஆட்டோவும் வராது.

ஒரு மாவட்டத்துக்குள்ளேயே யாழ்ப்பாண லீக், வலிகாம லீக், வடமராட்சி லீக், தீவக லீக் என்று தனித்தனியாக வைத்திருக்கும் ஆட்கள் நாங்கள். பத்து மைல் தூரத்துக்குள் இத்தனை லீக். இதில் எந்தக் கழகத்தைத் தூக்கி மேலே விடுவது? ஒன்றை விட்டால் மற்றதெல்லாம் முறுகும். புதிதாக ஒன்றை உருவாக்கினால் யாருக்கும் சொந்தமில்லாத பிள்ளை.

2018-இல் வடக்கு கிழக்கு பிரீமியர் லீக் நடந்தது ஞாபகம் இருக்கும். துரையப்பாவில்தான் ஆட்டங்கள். கிளியூர் கிங்ஸ், ட்ரிங்கோ டைட்டன்ஸ் என்று புதுப் பேர்கள், புது உடுப்பு, சனமும் நல்லாக வந்தது. இன்றைக்கு அந்தப் பேரில் ஒரு பத்து வயதுப் பொடியனாவது சட்டை போட்டுத் திரிகிறானா? பாடும்மீன் சட்டை திரிகிறது, மேரிஸ் சட்டை திரிகிறது.

மன்னார்த்தீவு:

யாழ்ப்பாணத்து அண்ணன்மார் சண்டை பிடித்து முடியட்டும், அதுவரைக்கும் நாங்கள் வைத்திருக்கிறோம்.

பகிடியை விட்டுச் சொல்கிறேன். எங்களுக்கு நாவாந்துறையான் சொல்கிற நோய் குறைவு. கழகச் சண்டை இல்லாமலில்லை, ஆனால் மன்னார் என்று ஒரு ரீம் இறங்கினால் பனங்கட்டிக்கொட்டும் வரும், பேசாலையும் வரும், அடம்பனும் வரும். தேசிய அணிக்கு ஆள் கொடுத்த ஊர் இது. டக்சன் பியூஸ்லஸை நினைத்துப் பாருங்கள். எங்கள் கடற்கரை மணலில் பந்து பழகியவர் தேசிய அணிக்குப் போய், மாலைத்தீவு லீக்கில் விளையாடிக்கொண்டிருந்த நேரம் 2022 பெப்ரவரியில் அங்கேயே இறந்துபோனார். உடம்பு ஊருக்கு வந்த நாளைக் கண்ட ஆட்களுக்கு இந்த ஊர் உதைபந்தை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. அவர் உழைக்க மாலைத்தீவு போக வேண்டி வந்தது, ஏனென்றால் சொந்த மாகாணத்தில் சம்பளம் தர ஒரு கழகம் இருக்கவில்லை.

தூரமும் எங்களுக்குச் சாதகம். கொழும்பு ரீம்களுக்கு யாழ்ப்பாணம் 400 கிலோமீற்றர், ஏ9-இல் ஒரு இரவு முழுக்க. மன்னார் அதைவிடக் கிட்ட. 2011-இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்தும் பூநகரியால் இறங்கி வந்துவிடலாம், நீங்களும் வந்து பார்க்கலாம்.

பண்ணைக்கரை:

மன்னார்த்தீவு சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் ஒரு இடத்தில் ஒத்துப்போக மாட்டேன். சனத்தொகை. மன்னார் மாவட்டம் முழுக்கச் சேர்த்தாலும் யாழ்ப்பாண மாவட்டத்தின் கால்வாசிக்கும் குறைவு. சீசன் ரிக்கெற் விற்கவும், கடைக்காரரிடம் அனுசரணை கேட்கவும், சட்டையில் பேர் போடவும் ஆள் வேண்டும். நல்ல விளையாட்டுக்காரர் வருகிற இடமும் கழகம் பிழைக்கிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டுமென்று இல்லை.

நாவாந்துறையானுக்கு: ஜப்பானில் ஜே லீக்கை 1993-இல் பத்துக் கழகத்தோடு தொடங்கினார்கள், இப்போது மூன்று பிரிவிலும் சேர்த்து அறுபது. அவர்கள் முதல் செய்த வேலை கம்பனிப் பேர்களை எடுத்துவிட்டு ஊர்ப் பேரைப் போடச் சொன்னது. கம்பனி ரீம்களாக இருந்தவை ஊர் ரீம்களாக மாற வருடங்கள் எடுத்தது. அதனால் "யாருக்கும் சொந்தமில்லாத பிள்ளை" என்று தொடங்குவது பெரிய குற்றமில்லை, யார் வளர்ப்பது என்பதுதான் கேள்வி. என் யோசனை, கழகங்களையே பங்காளிகளாக்க வேண்டும். பாடும்மீனும் மேரிஸும் றோயலும் ஞானமுருகனும் ஆளுக்கு ஒரு பங்கு, நிர்வாக சபையில் ஆளுக்கு ஒரு கதிரை. ஒரு பொடியன் மேலே போனால் அவனை வளர்த்த கழகத்துக்குக் காசு. அப்போது குருநகர்க்காரன் நாவாந்துறைப் பொடியன் கோல் அடிப்பதைப் பல்லைக் கடித்துக்கொண்டாவது பார்ப்பான்.

ஸ்காபரோ ராசன்:

கனடாவிலிருந்து சொல்கிறேன், ஊர் வட்டுக்கோட்டை. இங்கே கனடியன் பிரீமியர் லீக் 2019-இல் ஏழு கழகத்தோடு தொடங்கியது. அதில் இரண்டு ஊரைப் பார்த்தால் உங்கள் வாதத்துக்கு விடை கிடைக்கும்.

வினிபெக்கில் வலோர் எப்.சி. என்று ஒன்று. அமெரிக்கப் பாணி உதைபந்து ரீமோடு சேர்ந்து முப்பதாயிரத்துக்கு மேல் இருக்கை உள்ள பெரிய அரங்கில் ஆடினார்கள். சில ஆயிரம் பேர் வந்தாலும் வெறுமையாகத்தான் தெரியும், தொலைக்காட்சியில் பார்த்தால் கதிரைதான் தெரியும். 2025 முடிவோடு கழகத்தை மூடிவிட்டார்கள். எட்மன்டன் அதற்கு முன்னரே, 2022-ஓடு போய்விட்டது.

மற்றப் பக்கம் ஹலிபாக்ஸ். சின்ன ஊர், தொடங்கியபோது வேறு தொழில்முறை உதைபந்து ரீம் ஒன்றும் அங்கே இல்லை. நகர நடுவில், பழைய கோட்டை மலையின் அடியில் மாநகரசபைக்குச் சொந்தமான ஒரு புல்வெளி. அதில் கழற்றிப் பூட்டுகிற இருக்கைகளைக் கொண்டுவந்து ஆறாயிரம் சொச்சம் பேருக்கு இடம் செய்தார்கள். வேலை முடிந்து ஆட்கள் நடந்தே வருவார்கள். தொடக்கத்திலிருந்தே லீக்கில் நல்ல சனம் வருகிற கிறவுண்ட் அது.

கோட்டைக்குப் பக்கத்தில், மாநகரசபை நிலம், நடந்து வரலாம் என்று பண்ணைக்கரை துரையப்பாவைச் சொன்னபோது எனக்கு உடனே ஹலிபாக்ஸ்தான் ஞாபகம் வந்தது. 1,850 இருக்கை குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொடக்கத்துக்கு அது சரியான அளவு. கோல் கம்பத்துக்குப் பின்னால் இரும்புப் படி போட்டால் இன்னும் ஆயிரம் பேர். ஐம்பதினாயிரம் பேருக்கு அரங்கு கட்டித் தா என்று கேட்டுக்கொண்டிருந்தால் எங்கள் பேரப்பிள்ளைகள்தான் பார்க்கும்.

மெல்பேர்ண் மாமா:

ராசன் சொன்னதோடு அவுஸ்திரேலியக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெஸ்டர்ன் யுனைட்டெட் என்று ஒரு கழகம். 2018 டிசம்பரில் அங்கத்தைய ஏ-லீக்கில் ஆட உரிமம் கொடுத்தார்கள், மெல்பேர்ணின் மேற்குப் பக்கத்தில் சொந்தமாக அரங்கு கட்டுவோம் என்ற வாக்குறுதியை நம்பி. சனம் வேகமாகப் பெருகுகிற பகுதி, கடதாசியில் பார்த்தால் அதைவிட நல்ல ஊர் இல்லை. அரங்கு வரவில்லை. ஜீலோங், பலராட் என்று ஊர் ஊராகச் சூட்கேசோடு அலைந்தார்கள். அலைந்துகொண்டே 2022-இல் சாம்பியனும் ஆனார்கள், அதுதான் வேடிக்கை! ஆனால் ஊர்க்காரருக்கு அது எங்கேயோ நடந்த சங்கதி. கடைசியில் காசும் முடிந்து 2025-26 சீசனில் ஆடவே இல்லை. உங்கள் யாழ்ப்பாணம் கிங்ஸ் கதையை வாசித்தபோது இதுதான் ஞாபகம் வந்தது, கிண்ணம் இருக்கிறது, வீடு இல்லை.

அதே லீக்குக்குள் 2024-இல் ஒக்லண்ட் வந்தது. அவர்கள் புதிதாக ஒன்றும் கட்டவில்லை, இருக்கிற மவுண்ட் ஸ்மார்ட் அரங்கில் முதல் நாளே பந்தை வைத்து உருட்டினார்கள். முதல் சீசனிலேயே புள்ளிப் பட்டியலில் முதலிடம். காசுள்ள முதலாளி இருந்தார் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் கட்டப்போகிற அரங்கைக் காட்டி உரிமம் கேட்கிற ஊரை விட்டு, இருக்கிற அரங்கின் திறப்பைக் காட்டுகிற ஊரைப் பிடியுங்கள்.

மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு 2025 செப்டெம்பரில் அடிக்கல் நாட்டினார்களே, அந்தக் காசில் ஒரு துண்டு உதைபந்துக்கு வந்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிராது.

பயிற்றுநர் வலிகாமம்:

பாடசாலைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், பேர் வேண்டாம்.

நீங்கள் எல்லோரும் சனத்தையும் கிறவுண்டையும் கதைக்கிறீர்கள். விளையாடப்போகிற பொடியளை யாரும் கதைக்கவில்லை. இளவாலை சென். ஹென்றீஸ், சென். பற்றிக்ஸ், மன்னார் சென். சேவியர்ஸ் இப்படியான பாடசாலைகளிலிருந்து வருடா வருடம் நல்ல பொடியள் வெளியே வருகிறார்கள். பத்தொன்பது வயதில் பாடசாலை முடியும். பிறகு? ஒரு பகுதி வெளிநாடு. ஒரு பகுதி கொழும்புக் கழகம், அங்கே தங்குமிடத்தைப் பார்த்தால் மனம் வெறுத்துத் திரும்பி வந்துவிடுவார்கள். மிச்சப் பேர் ஊர்க் கிண்ணங்களுக்கு ஆடுவார்கள்.

இந்த ஊர்க் கிண்ணப் பழக்கத்தைக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும், ஏனென்றால் லீக் வந்தால் முதலில் மோதப்போவது இதோடுதான். இங்கே வருடம் முழுக்க யாரோ ஒருவருடைய ஞாபகார்த்தக் கிண்ணம் நடந்துகொண்டிருக்கும். ஏழு பேர், ஒன்பது பேர், பதினொரு பேர், எல்லா வகையும். விலகல் முறை, தோற்றால் வீடு. கெட்டிக்காரப் பொடியனை இந்தக் கிழமை ஒரு கழகம் கேட்கும், அடுத்த கிழமை இன்னொரு கழகம் கேட்கும், கையில் காசு கிடைக்கும். கால் பிசகினால் வைத்தியச் செலவு அவனுடையது. ஒரு நாளில் இரண்டு ஆட்டம்கூட ஆடுவான். இருபத்துநாலு வயதில் முழங்கால் போய்விடும். இதே பொடியன் லீக் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தால் ஊர்க் கிண்ணம் ஆட முடியாது. அவனுக்கு மாதச் சம்பளம் உண்மையாகக் கிடைக்குமா என்றுதான் தாய் கேட்பாள். அதற்குப் பதில் இல்லாமல் எந்த ஊரைத் தெரிவுசெய்தும் பயனில்லை.

காலநிலையையும் பாருங்கள். ஒக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரைக்கும் மாரி, எங்கள் கிறவுண்டெல்லாம் குளம். ஆனால் மே தொடங்கி ஓகஸ்ட் வரை தென்மேற்கில் மழை அடிக்கும்போது இங்கே நல்ல வெயில். களுத்துறையும் பேருவளையும் சேற்றில் கிடக்கிற மாதங்களில் வடக்கிலும் கிழக்கிலும் ஆட்டங்களைக் கூட்டி வைக்கலாம். அட்டவணை போடுகிறவருக்கு வடக்கு ஒரு சுமை என்று நினைக்கிறார்கள், உண்மையில் அவருக்கு அது பெரிய உதவி.

வெபர் கிறவுண்ட்:

மட்டக்களப்பிலிருந்து வாசித்துக்கொண்டே வந்தேன், "வடக்குக்கு ஒன்று" என்ற தலைப்பைப் பார்த்தவுடனே கோவம் வந்தது, பயிற்றுநர் கடைசியில் கிழக்கு என்று ஒரு சொல் போட்டதால் ஆறினேன்.

ஒன்றைத் தனியாகக் கொண்டுவந்தால் அது செத்துப்போகும். கணக்கு எளிது. பதினொரு ரீமில் பத்து ரீம் தெற்கில் என்றால், வடக்கு ரீம் பத்துத் தடவை கீழே போய்வர வேண்டும், மற்ற ரீம்கள் ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் மேலே வரும். பஸ் வாடகை, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் உங்கள் தலையில். வேலைக்குப் போகிற பொடியன் என்றால் லீவு வேறு. அதையே யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு என்று நாலாகக் கொண்டுவாருங்கள். அப்போது எங்களுக்குள் ஆறு சோடி, போக வர பன்னிரண்டு ஆட்டம் தெற்குக்கு இறங்காமலே முடியும். கொழும்பிலிருந்து வருகிற ரீம் வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்தில் ஆடி, ஞாயிற்றுக்கிழமை மன்னாரில் ஆடி, ஒரே பயணத்தில் இரண்டை முடித்துக்கொண்டு போகும்.

திருகோணமலையில் மெக்கெய்சர் அரங்கு இருக்கிறது, எங்களிடம் வெபர் அரங்கு இருக்கிறது. இரண்டும் நகரத்துக்குள். கிண்ணியாப் பக்கம் உதைபந்து எப்படி என்று தெரியாதவர்கள் ஒரு பின்னேரம் போய்ப் பாருங்கள்.

பண்ணைக்கரை:

வெபர் சொன்னதற்கு மறுப்பில்லை, தலைப்பை மாற்ற இங்கே வழியில்லை, அதனால் அது அப்படியே கிடக்கும். நாலு கழகமாகக் கொண்டுவருவது நல்ல யோசனை, ஆனால் காசு நாலு மடங்கு. அமெரிக்காவின் உதைபந்து லீக்கான எம்.எல்.எஸ். 1996-இல் பத்து ரீமோடு தொடங்கி இப்போது முப்பது. கடைசியாகச் சேர்ந்த சான் டியாகோ உள்ளே வரவே 50 கோடி டொலர் கட்டியது. ஆனால் அதே லீக் 2001 சீசனோடு தம்பாவையும் மயாமியையும் மூட வேண்டி வந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. அங்கே நுழைவுக் கட்டணம் கட்டிக்கொண்டு வருகிறார்கள். இங்கே லீக்தான் கழகத்துக்குக் காசு கொடுத்து வைத்திருக்க வேண்டிய நிலை.

பிறகு எங்கள் உதைபந்துச் சம்மேளனத்தின் பாடு. 2023 ஜனவரியில் பீபா இலங்கையைத் தடை செய்தது, ஓகஸ்ட் கடைசியில்தான் எடுத்தது. அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் ஒரு தொழில்முறைக் கழகம் இருபத்தைந்து பொடியளுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? பயிற்றுநர் சொன்ன தாய்க்கு நாங்கள் என்ன பதில் சொல்வது? சுப்பர் லீக் முதல் சீசன் சாம்பியன் புளூ ஸ்டார், 2022-இல் ஆசியக் கழகங்களுக்கான ஏ.எப்.சி. கிண்ணத் தகுதிச் சுற்றுக்குப் போய்க் கொல்கத்தாவில் மோகன் பகானிடம் 5-0. தோற்றது வெட்கமில்லை. ஆனால் வருடா வருடம் ஒழுங்காக லீக் நடக்காத நாட்டின் சாம்பியன் அப்படித்தான் தோற்கும். இந்தியாவின் உதைபந்து லீக்கான ஐ.எஸ்.எல். கூட 2025-இல் வணிக உரிமை ஒப்பந்தச் சிக்கலில் வழக்கமான மாதத்தில் தொடங்க முடியாமல் நின்றது, அவ்வளவு காசு உள்ள இடத்திலேயே.

அதனால் புலம்பெயர்ந்த ஆட்களிடம்தான் வருகிறேன். ராசன், மாமா, கோவிக்க வேண்டாம். ஒவ்வொரு ஊர்க் கழகத்துக்கும் வெளிநாட்டிலிருந்து மின்விளக்கும் பார்வையாளர் கூடாரமும் சட்டையும் வருகிறது. அதில் ஒரு பங்கு நகரக் கழகத்துக்கு வருமா?

ஸ்காபரோ ராசன்:

கோவமில்லை, உள்ளதைச் சொல்கிறேன். வராது. குறைந்தபட்சம் இப்போதைக்கு வராது. இங்கே ஒன்றுகூடலில் உண்டியல் வைத்தால் "எங்கள் ஊர்க் கிறவுண்டுக்கு மதில்" என்றால் ஒரு பின்னேரத்தில் காசு சேரும். மதிலில் தகப்பன் பேரைப் பொறிக்கலாம்தானே. "யாழ்ப்பாணம் எப்.சி. பயிற்றுவிப்பாளருக்குச் சம்பளம்" என்றால் எல்லோரும் வடை எடுக்கப் போய்விடுவார்கள். கட்டடத்துக்குத் தருவார்கள், சம்பளத்துக்குத் தரமாட்டார்கள்.

ஆனால் நீங்கள் மேலே சொன்ன பங்காளி முறை நடந்தால் கதை மாறலாம். வட்டுக்கோட்டைக் கழகத்துக்கு ஒரு பங்கு என்றால் நான் வட்டுக்கோட்டைக்கு என்று சொல்லிக் காசு கேட்பேன். ஊர்ப் பேரில் கேட்டால்தான் இங்கே கை சட்டைப்பைக்குள் போகும். கணக்கு வழக்கை மட்டும் எல்லோருக்கும் தெரிய வையுங்கள், அதில்தான் இதுவரை எல்லாம் கவிழ்ந்தது.

குருநகர்ச் சிங்கம்:

பங்கு என்றால் நிர்வாக சபையில் நாவாந்துறைக்குப் பக்கத்துக் கதிரை எனக்கு வேண்டாம், இப்போதே சொல்லிவிட்டேன்.

நாவாந்துறையான்:

எனக்கும்.

மன்னார்த்தீவு:

அதுதான் சொன்னேன், மன்னாருக்குத் தாருங்கள் என்று.

பயிற்றுநர் வலிகாமம்:

கதிரையைப் பிறகு பார்க்கலாம். நடைமுறைக்கு வாருங்கள். துரையப்பாவில் திகதி எடுப்பதென்றால் எந்த நாள், எத்தனை மணி? ஞாயிறு பின்னேரம் என்று எழுதிக்கொண்டு மாநகரசபைக்குப் போக வேண்டாம். ஊர்க் கிண்ணங்களின் இறுதி ஆட்டம் எல்லாம் ஞாயிறு. இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் லீக்தான் தோற்கும்.

குருநகர்ச் சிங்கம்:

வெள்ளி பின்னேரம்?

பயிற்றுநர் வலிகாமம்:

வெள்ளி கோயில். பாதி வலிகாமம் வராது. நான்கூட வரமுடியாது, மனிசி விடமாட்டா.

நாவாந்துறையான்:

சனி நாலு மணி. கடலுக்குப் போகிற ஆட்களும் கரையில் நிற்பார்கள், ரியூசன் விட்டு வருகிற பொடியளும் சைக்கிளோடு நேரே வருவார்கள். வெயில் மேற்குப் பக்கம் இறங்கும், பண்ணைப் பக்கக் கோல்காரனுக்கு நிழல், மற்றவனுக்குக் கண் கூசும். இடைவேளையில் மாறுவார்கள்தானே, பரவாயில்லை.

பண்ணைக்கரை:

சனி நாலு மணிக்குக் கடிதம் எழுதுகிறேன். மே தொடங்கி ஓகஸ்ட் வரைக்கும், ஒரு சனி விட்டு ஒரு சனி. இதில் பேர் போடச் சம்மதிக்கிற கழகங்கள் செயலாளரின் கையெழுத்தோடு எனக்குத் தனித்தகவல் அனுப்புங்கள். சிங்கமும் நாவாந்துறையானும் வேறு வேறு தாளில் அனுப்பினால் போதும்.